மைனஸ் எண்பது

பேர்ணாம்பட்டில் ஐந்தே காலுக்கு ஏறினால்
குடியாத்தம் மாறி, ஏழரைக்கு வேலூர்.
அப்படி முப்பத்தியோரு தடவை.
கடைசி இரண்டு தடவை நான் மட்டும்.

பதினோரு பக்கத் தாள். தமிழ்தான்,
ஆனால் நாம் பேசுகிற தமிழ் இல்லை.
‘தாங்கள் முழுமனதுடன் தன்னிச்சையாக’ என்று
நாகர்கோவில் இழுவையில் பெனிலா வாசிக்க வாசிக்க
முனிரத்தினம் கன்னத்துக் கட்டைக் கையால் தாங்கியபடி
பள்ளிக்கூடத்துப் பையன் போலத் தலையாட்டினார்.

பழைய மருந்தா, புது மருந்தா,
டாக்டருக்கே தெரியாதாம். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம்.
“நாலு வருஷம் கட்டின ஏலச்சீட்டே நமக்கு விழல”
என்றார், வெளியே வந்து.
வாய் திறக்காது அப்போதே.
சிரிப்பு கண்ணில்தான் வந்தது.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரி:
‘எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல்
தாங்கள் விலகிக்கொள்ளலாம்.’
இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.
இருபத்திரண்டு வருஷம் தோல் ஷாப்பில்
நீலத் தோலை உருவி உருவி அடுக்கினவர்.
இப்படி ஒரு வரியை யாரும் அவருக்கு வாசித்ததில்லை.
கையெழுத்துப் போட்டார்.

அவர் நானூற்றுப் பத்தொன்பது.
எதிர் பெஞ்சில் நானூற்றுப் பதினெட்டு,
ஆற்காட்டில் பிரியாணி அண்டா வாடகைக்கு விடும் தில்தார் பாய்.
“என்ன பதினெட்டு, இன்னிக்கும் கஞ்சியா?”
“நீ மட்டும் என்ன, தலைக்கறியா?”
ஹான்ஸ் பொட்டலம் தின்ற இரண்டு வாய்கள்
ஒரு ஸ்ட்ராவைப் பங்குபோட்டுச் சிரித்தன.

மயானக் கொள்ளைக்கு மறுநாள் போய்விட்டார்.

சித்திரையில் போன், மூன்று மாதக் கணக்குப்படி.
“சார் நல்லா இருக்காங்களாக்கா?”
சொன்னேன்.
பேசவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு கேட்டாள், கேட்டாக வேண்டுமே:
தேதி. நேரம். வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா.
“விலகிட்டார்னு ஒரு கட்டம் இருக்குமே,
அதுல டிக் போட்டுக்கோம்மா” என்றேன்.

“இல்லக்கா. அது வேற.
சார் விலகல.
கடைசிவரை இருந்தாங்கன்னுதான் எழுதணும்.”

அந்த மாதம் பூராவும் அடித்துக்கொண்டிருந்தார்கள்:
ரேஷன் அட்டையில் அவர் பெயரை,
ஷாப்புப் பதிவேட்டில், சங்கத்து நோட்டில்.
ஒரே ஒரு தாளில் அவர் விலகவில்லை.

சான்றிதழ் கொடுக்க ஒரு தடவை போனேன்.
அடுத்த தடவை ரத்தம் கொடுக்க.
நோயில்லாதவர் ரத்தமும் வேண்டுமாம், ஒப்பிட்டுப் பார்க்க.
அதே ஊர், கிட்டத்தட்ட அதே வயசு,
அதே தண்ணீர்.
அதே தண்ணீர்தான். அவர் சட்டையை அலசினால்
வாளிக்குள் இறங்குமே ஒரு பச்சை, அந்தத் தண்ணீர்.

“பூங்காவனம் ரத்தத்த வித்துட்டு வரா” என்கிறது தெரு.
இருநூறு ரூபாய் பஸ் காசு, ஒரு டீ, இரண்டு பிஸ்கட்.
நான் திருத்தப் போகவில்லை.

தில்தார் பாய்க்கு எந்த மருந்து விழுந்தது என்று கேட்டேன்.
சொல்லக் கூடாதாம்.
இருக்கிறாரா என்று கேட்டேன்.
பெனிலா ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே அக்கினி வெயில்,
பாலாற்று மணல் வறுபட்டுக் கிடக்கிறது.
உள்ளே ஒரு கதவைத் திறக்க,
வெள்ளைப் புகை காலைத் தொட்டுப் போனது.
மைனஸ் எண்பது டிகிரியாம்.
தகரக் கூரைக்கு அடியில் வெந்தவர்
வேலூரிலேயே குளிர்ந்த இடத்தில்.

“எந்தத் தட்டு?”
“தெரியாதுக்கா. பேர் இருக்காது, கோடு மட்டுந்தான்.”
“என்னுதும் இதுலயா?”
“இதுல. இல்ல, பக்கத்துல.”
வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிக் கேட்டேன்:
“கரண்டு போனா?”
“ஜெனரேட்டர் இருக்குக்கா.”

ராத்திரி பேர்ணாம்பட்டில் கரண்டு போனது.
தெருவே வெளியில் வந்து
முந்தானையால் விசிறிக்கொண்டு ஈபிக்காரனைத் திட்டியது.
நானும் வந்து நின்றேன்.
ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால்
ஒரு ஜெனரேட்டர் உறுமினால்
இங்கே கேட்குமா என்ன.
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.